அவள் கேட்ட ஒரு ரூபாய்

சில வருடங்களுக்கு முன்பு, கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த மே மாதத்தில் நடந்தது இது. தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வெளியூர் மாணவிகளுக்காகக் கோடைக்காலப் பயிற்சி வகுப்பு வைத்திருந்தார்கள். நான் தென்காசிப் பக்கத்திலிருந்து போயிருந்தேன். ஹாஸ்டலில் எனக்கு அறைத்தோழியாக வாய்த்தவள் பெரம்பலூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். நான் வாயைத் திறந்தால் மூட மாட்டேன். அவள் கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள். எனக்கு அவள் வைத்த பெயர் 'ஓட்டை வாய்'. "உங்கிட்ட ஒரு ரகசியம் சொன்னா, தாம்பரம் ஸ்டேஷன்ல மைக் வச்சுச் சொன்ன மாதிரி" என்பாள். உண்மைதான், நான் என்ன செய்ய!

வாரம் முழுக்க லேப், வகுப்பு, டெஸ்ட் என்று பிழிந்தெடுத்துவிடுவார்கள். ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. அந்த ஞாயிறு மற்றவர்கள் எல்லாம் தி.நகருக்குத் துணி வாங்கக் கிளம்ப, நாங்கள் இருவரும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனோம். எந்த அவசரமும் இல்லாத நாள். வாசலில் மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று வாங்கித் தின்றோம். உள்ளே போய் மரத்துக்கு மரம் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தோம். நீர்யானைக் குளத்துக்கு வந்ததும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "அது வாயைத் திறக்கிற வரைக்கும் நான் நகர மாட்டேன். எங்க வீட்டு எருமையும் இப்படித்தான், கூப்பிட்டா திரும்பியே பாக்காது" என்றாள்.

அப்போதுதான் என் போன் அடித்தது. அவளுடைய தாய்மாமா. அவள் போனில் ரீசார்ஜ் தீர்ந்த சமயங்களில் என் போனிலிருந்துதான் வீட்டுக்குப் பேசுவாள். அப்படி அவரிடம் என் நம்பர் இருந்தது.

"பாப்பா பக்கத்துல இருக்காம்மா?"

"கொஞ்சம் தள்ளி நிக்கிறா. கூப்பிடட்டுமா?"

"வேணாம், வேணாம். நீ இன்னும் கொஞ்சம் தள்ளிப் போம்மா."

போனேன். அவளுடைய அப்பா காலையில் வயலில் மயங்கி விழுந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம். சொல்லும்போதே மாமாவின் குரல் உடைந்தது. பிறகு சுதாரித்துக்கொண்டு, "அவகிட்ட சொல்லிராதம்மா. நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வந்துரு. வழியில ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா என்ன பண்றது? இங்க வந்து தெரிஞ்சுக்கட்டும். உன்னைத்தான் நம்பியிருக்கேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். நம் ஊர்ப் பக்கமெல்லாம் இப்படித்தானே வழக்கம்? என் தாத்தா இறந்தபோது எங்கள் அம்மாவையும் 'சீரியஸ்' என்று சொல்லித்தான் வரவழைத்தார்கள்.

திரும்பிப் பார்த்தால், அவள் இரண்டு கைகளையும் ஆட்டி என்னைக் கூப்பிடுகிறாள். "ஏய், சீக்கிரம் வாடி, திறக்கப் போகுது!" நீர்யானை அப்படியொரு கொட்டாவி விட்டது. அவள் சின்னக் குழந்தை மாதிரி கைதட்டினாள். இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொள்ளட்டும் என்று பேசாமல் நின்றேன். அது இரக்கமா கோழைத்தனமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு மாமா சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். அவள் முகம் வெளிறிப்போயிற்று. ஹாஸ்டலுக்குக்கூடப் போகவில்லை. வார்டனுக்கு போனில் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்துப் பக்கத்தில் இருக்கும் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போனோம். திருச்சி பஸ் புறப்பட நேரம் இருந்தது. ஏறி உட்கார்ந்தோம். அவள் அப்பாவுக்கு போன் அடித்தாள், அம்மாவுக்கு அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. "ஐசியூவுல போனை வாங்கி வச்சுக்குவாங்கல்ல?" என்றாள். "ஆமா" என்றேன். "நெஞ்சு வலின்னா இப்பல்லாம் ஸ்டென்ட் வச்சு அனுப்பிருவாங்கல்ல? எங்க பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வச்சாங்க. இப்ப டிராக்டர் ஓட்டுறாரு." அதற்கும் "ஆமா". ஓட்டை வாய்க்கு அன்று அந்த ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது.

திடீரென்று கைக்குட்டையை மடியில் விரித்தாள். "ஒரு ரூபா காசு இருக்காடி? எங்கிட்ட நோட்டுதான் இருக்கு. சமயபுரத்தாளுக்கு முடிஞ்சு வைக்கணும். அப்பா எழுந்து வீட்டுக்கு வந்ததும் நானே நடந்து போய் உண்டியல்ல போடுறேன்னு வேண்டிக்கிறேன்."

எங்கள் வீட்டிலும் இந்தப் பழக்கம் உண்டு. மனதார வேண்டிக்கொண்டு காசை முடிய வேண்டும். கேட்டது நடந்த பிறகுதான் முடிச்சை அவிழ்க்க வேண்டும். பைக்குள் கையை விட்டேன். காசு விரலில் பட்டது. எடுக்க முடியவில்லை. அதுவரை சொன்ன பொய்யெல்லாம்கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. காலையிலேயே போய்விட்ட மனிதருக்காக இவள் சாமியிடம் மன்றாடப் போகிறாள். அதற்குக் காசை நான் எடுத்துக் கொடுப்பதா? என்னால் ஆகாது. அவள் உள்ளங்கையை நீட்டியபடியே இருந்தாள். "இல்லையா?"

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டிக்காதடி. அப்பா போயிட்டாங்கடி."

என்னையே பார்த்தாள். "எப்ப?"

"காலையிலேயே."

"அந்தக் குளத்துக்கிட்ட நின்னப்பவே உனக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன். அதன் பிறகு அவளிடமிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்குப் புத்தி வேலை செய்யாமல், "மெதுவா, மெதுவா, எல்லாரும் பாக்குறாங்க" என்று அவள் வாயைப் பொத்தப் போனேன். முன்சீட்டிலிருந்து ஒரு அக்கா எழுந்து வந்து என் கையைத் தட்டிவிட்டார்.

"நீ இன்னாத்துக்குமா அவ வாயைப் பொத்துற? அழுவட்டும், வுடு. பெத்தவனுக்கு அழுவுறதுக்கு எடம் பாத்துக்கினா இருப்பாங்க?"

சொல்லிவிட்டு, அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றார். யார், எந்த ஊர் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பஸ் கிளம்பி வெகுதூரம் போகும்வரை அப்படியே நின்றுகொண்டு வந்தார். திண்டிவனத்தில் இறங்கும்போது தன்னுடைய தண்ணீர் பாட்டிலை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

வழி நெடுக அவள் அழுதாள். ஓய்ந்தாள். அப்பாவைப் பற்றி ஏதேதோ சொன்னாள். மறுபடி அழுதாள். எனக்கோ வேறு கவலை. நம்பிச் சொன்ன மனிதருக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேனே, இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

ஊரில் இறங்கியதும் தெருமுனையிலிருந்தே பந்தல் தெரிந்தது. அவளைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பெண்கள் தயாராக ஓடி வந்தார்கள். அவள் அவர்களை விலக்கிவிட்டு நேராக வீட்டுக்குள் நடந்தாள். மாமா என்னிடம் வந்து, "சொல்லிட்டியாம்மா?" என்றார். தலைகுனிந்து நின்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பந்தலுக்குள் போய்விட்டார். அன்று அந்த வீட்டில் நான் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, பயிற்சியின் கடைசி வாரத்தில் அவள் ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "எங்கக்கா திருப்பூர்லேருந்து வந்தா. அவகிட்ட யாருமே சொல்லல. பந்தலைப் பாத்ததும் தெருவுலயே விழுந்துட்டா. எங்கம்மா எழுந்து வந்து அவளைத் தூக்க வேண்டியதாப் போச்சு. நான் வர்ற வழியிலேயே அழுதுட்டேன்டி. அதனால நான் உள்ள போனதும் என்னால அம்மாவைத் தூக்கித் தாங்க முடிஞ்சுது."

இன்றும் அப்படியொரு செய்தியை யாருக்காவது சொல்ல வேண்டி வந்தால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அழுவதற்கான நேரம் அவர்களுடையது, அதை எடுத்து ஒளித்துவைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?