தலைக்கு ஒரு நேரம், தோளுக்கு ஒரு நேரம்

இதனை எழுதி வைப்பதற்கு எனக்குக் காரணங்கள் இரண்டு உண்டு. எங்கள் உறவினர் கூடும் திருமணங்களிலும் காதணி விழாக்களிலும் இந்நிகழ்ச்சி இப்போதே மூன்று வடிவங்களில் உலவுகிறது. அவற்றுள் ஒன்றில் நான் ஒரு சான்றாவணத்தை மென்று விழுங்கிவிட்டேனாம். அது முழுப்பொய். மற்றொரு காரணம் பெரிது. பிறக்கும்போதே குழந்தைக்கு ஊறு நேர்ந்தால் எங்கே போய் யாரைக் கேட்பது என்று அறியாமல் வாய்மூடியிருக்கும் குடும்பங்கள் எங்கள் வட்டாரத்தில் பல. நாங்களும் ஓராண்டுக்கு மேல் அப்படித்தான் இருந்தோம். இத்தகைய செய்தியை இவ்வளவு களிப்போடு எழுதலாமா என்று மகளைக் கேட்டேன். “அழுதுக்கிட்டே எழுதினா யாருப்பா படிப்பா? நடந்தபடி எழுதுங்க” என்றாள். எழுதுகிறேன்.

என் மகளுக்குத் தஞ்சையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பெண்குழந்தை பிறந்தது. நாலே கால் கிலோ எடை. மருமகன் சிங்கப்பூரில் பணியில் இருந்தமையால் அவருடைய தமக்கையார் வலங்கைமானிலிருந்து வந்து மகளுக்குத் துணையிருந்தார். குத்தகை நிலத்தில் தாமே நின்று நெல் விளைவிப்பவர்; வரப்பில் நடப்பதைப் போலவே மருத்துவமனைக் கூடத்திலும் விரைந்து நடப்பவர். என்னை மாமா என்று அழைப்பார். இனி அவரை அத்தையார் என்றே குறிப்பேன். குழந்தைக்கு அவர் அத்தை.

குழந்தையின் வலக்கை துவண்டு தொங்கியது. “நரம்பு கொஞ்சம் அசந்திருக்கு, தானா சரியாயிடும்” என்றார்கள் மருத்துவமனையில். பிறகு, மகள் கேட்கும்படியாகவே, “அம்மா ஒழுங்கா முக்கல, அதான்” என்றும் சொன்னார்கள். அந்த ஒரு சொற்றொடரை என் மகள் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். குழந்தையின் கையைப் பிடித்துப் பயிற்சி கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அவள் முகத்தில் அதை நான் கண்டேன். தலைக்குமேல் முறுக்கைக் காட்டினால் குழந்தை இடக்கையால் வெற்றியோடு பறித்துக்கொள்ளும். வலக்கையோ தோளளவோடு நின்றுவிடும். முறுக்குகள் தீர்ந்தனவே ஒழியக் கை உயரவில்லை.

வேறோர் ஊரின் நரம்பியல் மருத்துவர்தாம் முதன்முதலில் தெளிவாகச் சொன்னார்: பிறக்கும்போது தலையைப் பிடித்து இழுத்ததில் கழுத்தருகே நரம்புகள் நைந்துள்ளன, அங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். மகள் எழுத்து மூலம் விண்ணப்பித்து மருத்துவ ஆவணங்களைப் பெற்றாள். அவற்றில் இருந்தது இவ்வளவே: இயல்பான பேறு; இடர்ப்பாடு ஏதுமில்லை; பிறந்த நேரம் காலை 6.12.

மகளும் அத்தையாரும் நானும் வழக்குரைஞரைத் தேடிப் போனபோது குழந்தைக்கு இரண்டு வயது நிறைய ஐந்து வாரங்களே இருந்தன. அவர் நன்னிலத்துப் பக்கத்துப் பெண். பெற்றோர் வயல்வேலை செய்து படிக்க வைத்தவர்கள். நீதிமன்றத்தருகே நகலகம் ஒன்றின் மாடியில் அவருடைய அலுவலகம். முப்பத்தைந்து ஆண்டு கல்லூரியில் தமிழ் கற்பித்தவன் வெறுங்கையோடு போகலாமா? நாற்பது பக்கத்தில் நானே ஒரு முறையீடு வரைந்து சென்றேன். மருத்துவச் சொற்கள் அனைத்துக்கும் தூய தமிழாக்கம். முகப்பில் கடவுள் வாழ்த்தில்லாத குறை ஒன்றுதான்.

வழக்குரைஞர் மூன்று பக்கம் புரட்டினார். உதடுகளை இறுக மூடிக்கொண்டார். பிறகு தாங்காமல் சிரித்துவிட்டார்.

“ஐயா, ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இதை நுகர்வோர் ஆணையத்துல கொடுத்தா, எதிர்த்தரப்பு பதில் எழுதறதுக்குள்ள பாப்பாவுக்குக் கல்யாணம் ஆயிடும். நான் ஆறு பக்கத்துல எழுதறேன், சரிங்களா?”

“எழுதுங்கள் அம்மா” என்றேன், இயன்ற அளவு பெருந்தன்மையோடு.

அவர் நிலைமையை விளக்கினார். நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டாண்டுக் கால வரையறை உண்டு. நரம்பியல் மருத்துவர் எழுத்தில் கருத்துரை தருவார். ஆனால் பேற்றின்போது தலை வந்தபின் தோள் சிக்கியது என்பதற்கு மருத்துவமனைத் தாளில் ஒரு வரியும் இல்லை.

“தலை வெளிய வந்து எவ்ளோ நேரம் கழிச்சு உடம்பு வந்துச்சுன்னு தெரிஞ்சா போதும். ஆனா அதை யாரு குறிச்சு வச்சிருக்கப் போறாங்க?”

“நான் வச்சிருந்தேங்க” என்றார் அத்தையார். “மாமா புடுங்கிக்கிட்டாரு.”

மூன்று பெண்களும் என்னை நோக்கித் திரும்பினார்கள்.

அன்று நடந்ததைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துச் சாதகக் கணிப்பாளர்களிடையே பிறந்த நேரம் எது என்பதில் வழக்கு உண்டு: தலை தோன்றிய நேரமா, முழுவுடலும் வெளிவந்த நேரமா? வலங்கைமான் கணிப்பாளர் இரண்டையும் கேட்பார். ஆகவே அத்தையார் மகப்பேற்றறை வாயிலில் எழுதுகோலோடு நின்று செவிலியரைக் கெஞ்ச, அவரும் மருந்துக்கடைச் சீட்டின் பின்புறம் தம் கைப்படவே எழுதிக் கதவிடுக்கில் நீட்டினார்: தலை 6.07, குழந்தை 6.12.

சாதகமே கூடாது என்னும் கொள்கையுடையவன் நான். ஆயினும் அன்று அக்கூடத்தில், பிறந்த நேரமென்பது முழுவுடல் வெளிப்பட்ட நேரமே என்று அரைமணி நேரம் மேற்கோள்களோடு வாதிட்டேன். அத்தையார் தலைக்காக வாதிட்டார். இடையில் ஐந்து நிமிடம் ஏன் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை! ஒரு குழந்தையின் கழுத்து நரம்பு நைந்த ஐந்து நிமிடத்தை வைத்துக்கொண்டு நட்சத்திரத்தின் எப்பாதம் என்று சண்டையிட்டோம். முடிவில், சாதகம் எழுதவே விடமாட்டேன் என்று சீட்டைப் பிடுங்கி, கையிலிருந்த நூலுக்குள் செருகிவிட்டேன்.

“எந்த புக்குங்க ஐயா?” என்றார் வழக்குரைஞர்.

“காவிரிக் கால்வாய்களைப் பற்றியது. தடித்தது.”

“இப்ப எங்க?”

அதைத்தான் சென்ற ஆண்டு மூன்று சாக்கு நூல்களோடு நன்னிலம் அருகே ஒரு சிற்றூர் நூலகத்துக்கு வழங்கி, பொன்னாடையும் பெற்று வந்திருந்தேன்.

மறுநாள் காலை அத்தையாரின் ஸ்கூட்டரில், ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் வண்டியின் பின்கம்பியையும் பற்றியபடி புறப்பட்டேன். குறுவை அறுவடைக் காலம். சாலையின் பாதியில் நெல் காய்ந்தது. மீதிப் பாதியில் அத்தையார் பறந்தார். நூலகப் பதிவேட்டில் அந்நூலை எடுத்திருந்தவர் ஓர் அறுவடை இயந்திர ஓட்டுநர். எந்த வயலில் இருக்கிறார் என்று நான்கு இடத்தில் விசாரித்து, வரப்பில் இருமுறை வழுக்கி, அவரை அடைந்தோம். இருக்கைக்குப் பக்கத்தில், துண்டில் பொதிந்து, என் நூல்!

கையை ஆட்டி இயந்திரத்தை நிறுத்தினோம்.

“சார், புக்கு இன்னும் முடியல. அம்பது பக்கம் பாக்கி இருக்கு” என்றார் ஓட்டுநர்.

“நூல் உங்களிடமே இருக்கட்டும் ஐயா. உள்ளே ஒரு சீட்டு இருந்ததா?”

நூலைப் பிரித்தார். இருந்தது.

“இதுவா? பக்கம் தெரியறதுக்கு வச்சிருக்கேன் சார். இதை எடுத்துட்டா எங்க விட்டேன்னு எனக்கு எப்புடி தெரியும்?”

“எரநூத்திப் பதினாலு!” என்று கூவினார் அத்தையார். “சாகுற வரைக்கும் நான் ஞாபகம் வச்சுக்கறேன். குடுங்க அண்ணே!”

“ஆஸ்பத்திரி சீட்டுன்னு பாத்தேன். யாராச்சும் தேடிட்டு வருவாங்கன்னுதான் பீடி பத்த வைக்கக்கூட கிழிக்கல.”

அத்தையார், அறுவடை முடிந்த வயலின் நெல்தாள்களின்மேல் வெறுங்காலோடு குதித்தார். நானும் குதித்ததாகச் சொல்கிறார்கள். மறுப்பதற்கு என்னிடம் சான்றில்லை. ஓட்டுநர் என் சட்டைப்பையிலிருந்த பழைய பேருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கி, 214ஆம் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வழக்குரைஞர் சீட்டைக் கண்ணாடித்தாளுக்குள் இட்டுப் பார்த்தார். முன்புறம் மருந்துக்கடை அச்சிட்ட நாளும் நேரமும். பின்புறம் செவிலியர் கையெழுத்து. ஆயினும் அவருக்கு ஓர் ஐயம்.

“இதைப் பின்னாடி எழுதிக்கிட்டதுன்னு சொல்வாங்க. அப்பவே வேற எங்கயாவது இந்த ரெண்டு நேரமும் பதிவாகியிருக்கா?”

அத்தையார் தொண்டையைச் செருமினார்.

“மாமா, கோவிச்சுக்கக் கூடாது.”

“எதற்கு?”

“பத்தாம் நாளே ஜாதகம் எழுதியாச்சு. நீங்க புடுங்கறதுக்கு முன்னாடியே போன்ல படம் புடிச்சு அனுப்பிட்டேன். ஜோசியர் நோட்டுல ரெண்டு நேரமும் தேதி போட்டு இருக்கு.”

சாதகமில்லாத குழந்தை எங்கள் பேத்தி என்று மூன்று திருமண மேடைகளில் முழங்கியவன் நான். அன்று அச்சாதகத்தை இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அது வழக்கின் ஐந்தாம் இணைப்பாயிற்று. கைப்பேசியில் அந்தப் படம் நாளோடும் நேரத்தோடும் இருந்தது. அது ஆறாம் இணைப்பு.

இரண்டாண்டு நிறைய ஒன்பது நாள் இருக்கையில் மனுவைப் பதிவு செய்தோம். ஆணையம் அதனை ஏற்று, மருத்துவமனைக்கு அறிவிப்பு அனுப்ப ஆணையிட்ட காலைப்பொழுதில் நாங்கள் நால்வரும் வெளியே மரப்பலகையில் அமர்ந்திருந்தோம். குழந்தை இடக்கையால் வழக்குரைஞரின் கழுத்துப்பட்டையை இழுத்துக்கொண்டிருந்தது. மகள் வழக்குக் கட்டின் நகலை வாங்கி, சீட்டின் படத்தை விரலால் தடவினாள்.

“மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? நான் இன்னும் நல்லா முக்கியிருந்தா இந்த அஞ்சு நிமிஷம் குறைஞ்சிருக்குமா?”

வழக்குரைஞர் குழந்தையை இறக்கி விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் படிச்சீங்கல்ல? தலை வந்ததுக்கப்புறம் தோள் மாட்டிக்கிட்டா, அது முக்கறதுல இல்லம்மா. தோளைத் திருப்பி எடுக்கிறதுக்கு முறை இருக்கு. அது அங்க நின்னவங்க வேலை. தலையைப் பிடிச்சு இழுத்திருக்காங்க. உங்க வேலையை நீங்க 6.07க்கே முடிச்சுட்டீங்க.”

மகள் சீட்டின் படத்தை மீண்டும் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணீர் வழிய. “அண்ணி, 6.07க்கே முடிச்சுட்டேனாம்!” என்று அத்தையாரின் முதுகில் அடித்தாள். “அப்பவே சொன்னேன், தலை நேரந்தான் கணக்குன்னு” என்றார் அத்தையார். ஆணையத்தின் பணியாளர் வெளியே வந்து அமைதி காக்கச் சொன்னார். நால்வரும் அடங்க முயன்று, முடியாமல், படியிறங்கித் தெருவுக்கு வந்து உரக்கச் சிரித்தோம். குழந்தையும் காரணம் அறியாமலே சிரித்தது.

வழக்கு இன்னும் நடக்கிறது. தீர்ப்பு எப்படியும் அமையலாம். அன்றிலிருந்து ‘ஒழுங்கா முக்கல’ என்னும் அந்தச் சொற்றொடரை மகள் முகத்தில் நான் கண்டதில்லை. கையைப் பிடித்துப் பயிற்சி தருகையில் பாட்டுப் பாடுகிறாள்.

நான் மருத்துவமும் சட்டமும் கற்றவனல்லன். நரம்பு பற்றியும் கால வரையறை பற்றியும் நான் எழுதியவற்றில் பிழையிருந்தால், கற்றோர் தயங்காது திருத்தித் தருக. நிகழ்ச்சிகளை முறைபிறழக் கூறியிருப்பினும், உடனிருந்தோர் சுட்டிக்காட்டுக. வாயிலில் நீண்ட கைக்கு மறுக்காமல் இரண்டு நேரங்களையும் எழுதித் தந்த அச்செவிலியர் இதனைப் படிக்க நேர்ந்தால், நிமிடக் கணக்கில் நான் தவறியிருக்கிறேனா என்று அவரே சொல்ல வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள்.