ஆப்பிரிக்காவில் மாட்டிக்கொண்ட அம்மா

என் தம்பி மனைவியின் பிரசவத்துக்கென்று சியரா லியோனுக்குப் போன அம்மா அங்கேயே மாட்டிக்கொண்டாள். குழந்தை பிறந்தது, கொரோனா பயத்தில் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். தம்பிக்கு அங்கே ஒரு மொத்த மளிகைக் கடையில் மேனேஜர் வேலை. நான் இருந்ததோ ஹூஸ்டனில். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் எல்லாம் உண்டு. அந்தச் சின்ன நாட்டுக்குள் கொரோனா நுழைந்தால் ஆக்சிஜனுக்கு எங்கே போவது? வரைபடத்தில் அந்த நாட்டைக் காட்டத் தெரியாதவர்கள்கூட என்னிடம் “ஐயோ, ஆப்பிரிக்காவா?” என்றார்கள்.

ஸ்பெஷல் ஃப்ளைட் உண்டா என்று கண்ட இடத்துக்கெல்லாம் போன் போட்டேன். அம்மாவோ அசையவில்லை.

“இங்க ஒவ்வொரு கடை வாசல்லயும் குழாய் வெச்ச வாளி வெச்சிருக்காங்கடி. கை கழுவாம உள்ள விடமாட்டாங்க. எபோலா வந்தப்போ பழகினதாம். உங்க ஊர்ல எப்படி?”

“இது அமெரிக்காம்மா” என்றேன். அதற்கு மேல் விளக்கம் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் தமிழ் ஜெபக்குழுவில் மாதா சிலை, அதாவது சுரூபம், வாரம் ஒரு வீடாகப் போகும். கூட்டம் கூடாதீர்கள் என்று இங்கேயும் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்தான். ஆனால் ஜெபத்தைப் போய்க் கூட்டம் என்பார்களா? வேறு வீட்டுக்குப் போக வேண்டிய மாதாவை, அம்மாவுக்காக அவசரமாக எங்கள் வீட்டுக்குத் திருப்பினார்கள். குழுவை நடத்தும் அங்கிள் லேசாக இருமிவிட்டு, “ஆப்பிரிக்கால ஸ்டக் ஆகியிருக்கற நம்ம ஆன்ட்டிக்காக ஸ்பெஷலா ப்ரே பண்ணுவோம்” என்றார். ஜெபமாலை முடிந்ததும் எல்லோரும் வரிசையில் வந்து சுரூபத்தின் பாதத்தை முத்தமிட்டார்கள். வீட்டுக்காரர் கடைசியில்தான் வர வேண்டும், அது மரியாதை. அத்தனை பேர் முத்தமிட்ட அதே பாதத்தில் என் கணவர் கடைசியாகப் பக்தியோடு முத்தமிட்டார். பிறகு கேசரி, வடை.

அடுத்த வாரம் அங்கிள் படுத்தார், பின்னாலேயே என் கணவர். மாதாவை நான் குறை சொல்ல மாட்டேன், மூளையைக் கழற்றி வைத்தது நாங்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவரை இறக்கிவிட்டேன், என்னை உள்ளே விடவில்லை. ஆக்சிஜன் வைத்திருக்கிறோம், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று போனில் சொன்னார்கள். அவர் பிழைத்து வந்ததால் இன்று கிண்டலாக எழுதுகிறேன். அன்று காரை எடுக்கக்கூடக் கை வரவில்லை. தம்பிக்கு விஷயத்தை மெசேஜ் போட்டுவிட்டு வெகுநேரம் பார்க்கிங்கிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அங்கேதான் அம்மாவின் வீடியோ கால் வந்தது. பின்னால் தம்பி வீட்டு முற்றம். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் தள்ளித் தள்ளி நாற்காலி போட்டு, மாஸ்க்கோடு, ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“என் பொண்ணும் மாப்பிள்ளையும் அமெரிக்கால மாட்டிக்கிட்டாங்கன்னு தம்பியை விட்டுச் சொல்லச் சொன்னேன். பாவம்னு எல்லாரும் ஓடி வந்துட்டாங்கடி.”

அந்தப் பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்து ‘உச்’ கொட்டித் தலையை ஆட்டினாள். நான் உடைந்து அழுதேன். அம்மா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“உங்களை இங்க கூட்டிட்டு வர ஸ்பெஷல் ஃப்ளைட் ஏதாவது விடறாங்களாடி?”