பிரேக்குக்குத் தடவிய எண்ணெய்

ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்ற வீடுகளில் கறி வேகும், எங்கள் வீட்டில் அடி விழும். என் வீட்டுக்காரர் தன் மோட்டார் சைக்கிளைக் கழற்றி மாட்டுவது அன்றைக்குத்தான். கே.கே. நகரில் அப்போது வீடுகள் நெருக்கமாக இல்லை. வாசலில் சாக்கை விரித்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழுந்திருக்க மாட்டார். மெக்கானிக்கிடம் விட்டால் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டிவிடுவான் என்பது அவர் கட்சி.

ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. தப்பான ஸ்பானரைக் கொடுத்தால் அதுவே என் கைமுட்டியில் இறங்கும். சரியாகக் கொடுத்தும் இறங்கியது உண்டு. நட்டு அவருக்கு மசியாது, நான் மசிவேன், அவ்வளவுதான். செயினை மண்ணெண்ணெயில் கழுவுவேன். பிளக்கில் பிடித்த கரியை உப்புத்தாளால் தேய்ப்பேன். கிளட்ச் கேபிளின் மேல்முனையில் காகிதக் கூம்பு கட்டி அவர் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடும்போது, கூம்பு ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த நேரத்தில் அவருடைய இரண்டு கைக்கும் வேலை இருக்கும். அதனால் எனக்கு அந்த வேலை மட்டும் பிடித்திருந்தது.

வண்டியின் பிரேக் கத்தும். தெருமுனையில் அவர் திரும்பும்போதே கிறீச்சென்று கேட்டுவிடும். நானும் மகளும் ரேடியோவை அணைத்து, சிரிப்பையும் அணைத்துவிட்டு ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவோம். எங்களுக்கு உதவியாக இருந்த சத்தம் அவருக்கு அவமானமாக இருந்தது. வண்டி அழுகிறதே என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் கிண்டல் செய்தார். அதற்கும் நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த வாரத்தில் அவருடைய ஆபீஸ் ஜீப்புக்கு டிரைவர் பிரேக் ஆயில் மாற்றியிருக்கிறார். இவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆயிலில் ஒரு பாட்டிலோடு வந்து உட்கார்ந்தார். ஜீப்பில் ஆயில் குழாய்க்குள் அடைபட்டிருக்கும், அது தள்ளித்தான் பிரேக் பிடிக்கும். எங்கள் வண்டியில் இருந்ததோ வெறும் கம்பியும், சக்கரத்துக்குள் உரசி நிறுத்துகிற கட்டையும். அதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவருக்கு அந்தப் பேரே போதுமானதாக இருந்தது. பிரேக் ஆயில் என்று எழுதியிருந்தால் அது பிரேக்குக்குத்தானே? இரண்டு சக்கரத்தையும் கழற்றி, தோசைக்கல்லுக்குத் தடவுகிற மாதிரி, துணியை ஆயிலில் நனைத்துக் கட்டைகளில் சுற்றிச் சுற்றித் தடவினார்.

எனக்கு வண்டி தெரியாது. தோசைக்கல் தெரியும்.

"ஏங்க, எண்ணெயத் தடவுனா வழுக்காதா?"

ஸ்பானர் என் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு விட்டுப்போன சத்தம் எனக்கே கேட்டது. கிளட்சுக்கு எண்ணெய் விட்டதும் இளகவில்லையா, இதுவும் அம்புட்டுத்தான், வாயை மூடிக்கொண்டு நட்டை எடு என்றார். இடது கையால் எடுத்துக் கொடுத்தேன்.

மாட்டி முடித்து வண்டியைத் தள்ளி நிறுத்திப் பார்த்தார். சத்தமே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் மகளைத் தூக்கிப் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்து, அழகர்கோவில் வரைக்கும் போய்விட்டு வருகிறோம் என்றார். அவள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். அப்பா தூக்கியதில் அவளுக்கு ஒரே சிரிப்பு.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. ஓடிப்போய் அவளை இடுப்போடு சேர்த்து இழுத்தேன். அவர் என் முடியைப் பிடித்து ஹேண்டில்பாரில் மோதினார். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. இன்னொரு தடவை மோதினார். நான் அவர் கையைக் கடித்தேன். ஆயிலும் ரத்தமும் சேர்ந்து வாய் கசந்தது, விடவில்லை. அவர் வலியில் உதறியபோது பிள்ளையை வீட்டுக்குள் தள்ளி, நானும் நுழைந்து தாழ்ப்பாள் போட்டேன். கதவு பிளந்துவிடும் போல உதைத்தார். பிறகு, திரும்பி வந்து வெட்டிப் போடுவதாகக் கத்திவிட்டு வண்டியைக் கிளப்பினார். சொன்னதைச் செய்வார் என்று எனக்குத் தெரியும். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

அழகர்கோவில் ரோட்டில் வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று குறுக்கே திரும்பியிருக்கிறது. இவர் பிரேக்கை மிதித்தும் பிடித்தும் பார்த்திருக்கிறார், வண்டி வழுக்கிக்கொண்டே போயிருக்கிறது. தொடையெலும்பு இரண்டாகி, விலா நொறுங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் போட்டார்கள். வண்டியை நானும் பார்த்தேன். மாட்டுவண்டியின் கட்டை பெட்ரோல் டேங்க்கை உள்ளே அமுக்கியிருந்தது, சரியாக மகள் உட்கார்ந்திருந்த இடத்தில். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வண்டியைப் பிரித்த மெக்கானிக், பிரேக்கெல்லாம் எண்ணெயாக வழிகிறது என்று சொல்லிவிட்டான். இவர் அசரவில்லை. தான் போட்டது பிரேக் ஆயில், அது பிரேக்குக்கென்றே இருப்பது, அது எப்படிப் பிரேக்கைக் கெடுக்கும்? ஆகவே வேறு எண்ணெயை நான்தான் ஊற்றியிருக்க வேண்டும். கட்டிலில் கிடந்தபடி வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொன்னார். நடிக்கவில்லை, மனதார நம்பினார்.

அவருடைய அண்ணன் எல்லார் முன்னாலும் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, பிள்ளைய மட்டும் ஏன் எறக்கிவிட்ட?"

என் கை வீங்கித் தொங்கிக்கொண்டிருந்தது, நெற்றியில் தையல். அது எப்படி ஆயிற்று என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நடந்ததைச் சொல்ல வாயெடுத்தபோது கட்டிலில் கிடந்த இவர் முகத்தைப் பார்த்தேன். பயந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொண்டுவந்திருந்த கஞ்சி, இவர் தொடாமல் மூடியபடி அப்படியே இருந்தது.

"பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றேன்.

போலீஸுக்குப் போனால் குடும்ப மானம் போய்விடும் என்று அண்ணனே முடித்துவைத்தார். இவர் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதற்கப்புறம் வெகுகாலம் இருந்தார். ஒருநாளும் என்மேல் கை வைக்கவில்லை.