ஜோடி தொலைந்த காதுகள்

ஆணி செய்யும் ஆலையில் அவரை எல்லோரும் 'காதுக்காரர்' என்றே கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, மெல்லிய ஒலியை அனுப்புவார். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். எவ்வளவு சத்தத்துக்கு விரல் எழுகிறது என்பதுதான் கணக்கு. சில புத்திசாலிகள் கேட்காமலேயே தூக்கி மாட்டிக்கொள்வார்கள். காது போனது தெரிந்தால் வேலையும் போய்விடுமே என்ற பயம்.

அந்தப் பயத்துக்கு இரங்கித்தான் மனிதர் கெட்டார். புது இயந்திரங்கள் வரும் முன் எல்லோரையும் சோதித்தார். ஓராண்டு கழித்து அதே ஆட்களை மறுபடி சோதித்தார். அந்த இயந்திரங்களுக்குச் சத்தத்தை அடக்கும் மூடி வாங்குவதா வேண்டாமா என்பது அந்த முடிவைப் பொறுத்தது. அவருடைய தங்கையும் அவற்றில் ஒன்றில்தான் நிற்கிறாள். ஆனாலும் யார் குட்டும் மேலிடத்தில் வெளிப்பட்டுவிடக் கூடாதென்று, இரண்டு முறையும் பெயரோ அடையாள எண்ணோ இல்லாமல் அளவுகளை மட்டும் குறித்தார். நல்லது செய்கிறோம் என்ற பெருமை வேறு!

கணக்குப் பார்க்க வந்த புள்ளியியல் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏங்க, இதுல எந்தப் பழைய அளவுக்கு எது புது அளவு? ஜோடி எங்க?"

"ரெண்டு தடவையும் அதே ஆளுங்கதாம்மா. சராசரி எடுத்தா தெரிஞ்சிடாதா?"

"ஒருத்தருக்குப் பொறந்ததுலேர்ந்தே காது மந்தம். இன்னொருத்தருக்கு ஊசி விழுந்தாலும் கேக்கும். ஆளுக்கு ஆள் இவ்ளோ வித்தியாசம் இருந்தா, ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சமா குறைஞ்சது அதுக்குள்ள அமுங்கிடும். அவங்கவங்க பழைய அளவோட புது அளவை ஒப்பிட்டாதான் அது வெளிய வரும்."

காதுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. நாளைக்கே மறுபடி சோதிக்கலாம்தான். போன வருஷத்துக் காதை எங்கே போய்ச் சோதிப்பது?

வேறு வழியில்லாமல் அம்மா இரண்டையும் தனித்தனிக் கும்பலாக வைத்தே கணக்குப் போட்டார். 'வித்தியாசம் இருப்பதாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை' என்று முடிவு வந்தது. மேலாளர் அதைப் படித்த அழகு இருக்கிறதே! 'பாதிப்பு இல்லை' என்று பலகையில் ஒட்டச் சொல்லிவிட்டார். "நான் அப்படி எழுதலீங்க. எங்களால காட்ட முடியலைன்னுதான் எழுதியிருக்கேன்" என்று அம்மா தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் பயனில்லை. மூடி வாங்கும் பேச்சைக் கிடப்பில் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் தங்கை துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, நான்தான் வீணா பயந்துட்டேன். ஒண்ணுமில்லைன்னு ஒட்டிட்டாங்களே! நாங்க எல்லாரும் கூடுதல் நேரம் நிக்கறோம்னு பேர் குடுத்துட்டோம்."

கூடப் பிறந்தவள் என்பதால் அவளுடைய இரண்டு அளவுகள் மட்டும் காதுக்காரருக்கு மறக்கவில்லை.

"போகாதடி. உனக்குக் குறைஞ்சிருக்கு. போன வருஷத்தைவிட நல்லாவே குறைஞ்சிருக்கு."

அவள் கை தானாகக் காதைத் தொட்டது.

"என் பக்கத்துல நிக்கறவளுக்கு?"

"தெரியாது."

"அவளுக்கு அடுத்தவளுக்கு?"

"அதுவும் தெரியாது. யார் பேரையும் நான் குறிச்சு வைக்கலையே."

"எனக்கு மட்டும் சொல்றியே அண்ணே, நாளைக்கு அவங்க நடுவுல நான் எப்படிப் போய் நிப்பேன்?"