சந்தின் அகலத்தைக் கயிற்றால் அளந்தவர்

தாணு அண்ணாச்சி இறந்துவிட்டார்.

இன்று காலை கடை திறந்து சற்று நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்... ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாலை பஜாரில் கயிறு, தார்ப்பாய் வியாபாரம். எங்கள் வியாபாரிகள் சேம்பருக்குப் பல வருடங்களாக அவர்தான் செக்ரட்டரி. என் பூஜைச் சாமான் கடைக்கு எதிர்க்கடை.

ஆம்புலன்ஸ் எங்கள் கடைச் சந்தின் முனை வரைதான் வந்தது. ஓணச் சரக்கு இரண்டு பக்கமும் இறங்கிக் கிடந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று பொம்மைக் கடை நசீர் இக்கா டாக்டரிடம் கேட்டார். "அது பறயான் பற்றில்ல" என்று, அதைச் சொல்ல முடியாது என்பதுபோல் கையை விரித்துவிட்டு டாக்டர் உள்ளே போய்விட்டார்.

நான் கடை எடுத்த புதிதில் அவரிடம் முதலில் கேட்டது கழிவறை. எங்கள் சந்தில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை. பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நிற்பார்கள். அண்ணாச்சி ஒரு நிமிடம் யோசித்தார். அடுத்த வாரம் சேம்பர் ஆபீஸின் பின்பக்கக் கழிவறைக்குப் புதுக் கதவு, புதுத் தாழ்ப்பாள். சாவி என் கடையில்.

"இது கேக்கதுக்கு ஒரு பெண்ணு மெம்பர் வரவேண்டி இருந்துச்சு பாரு" என்றார். அவ்வளவுதான்.

பிறகு நசீர் இக்காவின் குடோனில் தீப்பிடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்... பாதிக் கடைகள் அடைப்பு. என் கடைக்குப் பக்கத்திலேயேதான் குடோன். என் கடைக்குள் பெட்டி பெட்டியாகக் கற்பூரம். பூட்டைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றேன்.

அண்ணாச்சி வந்து ஷட்டரைத் தூக்கினார். "மோளே, பேடிக்காதே. கற்பூரம் எங்க இருக்குன்னு காட்டு. வெளிய எடுக்கதை நாங்க பாத்துக்கிடுதோம்."

மெம்பர்கள் வரிசையாக நின்று ரோடு வரை கைமாற்றினார்கள். துணிக்கடை முதலாளி, அரிசி மொத்த வியாபாரி, எனக்குப் போட்டியாக அதே சாமான் விற்கிறவர்... எல்லோரும்.

தீயணைப்பு வண்டி முனையிலேயே நின்றுவிட்டது. உள்ளே வர வழியில்லை. குழாயை இழுத்து வந்து தண்ணீர் அடிப்பதற்குள் குடோன் போய்விட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நகர முடியாமல் நின்ற இடத்தில் நின்றே அலறிய அந்த சைரன்... இப்போதும் சில சமயம் கேட்கிறது.

மறுநாளே அண்ணாச்சி தன் கடையின் முன்பாதியை நசீர் இக்காவுக்கு ஒழித்துக் கொடுத்தார். மொத்த வியாபாரிகளிடம் சேம்பர் சார்பில் பேசிப் புதுச் சரக்கு வரவழைத்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ், கார்ப்பரேஷன், கரண்ட் ஆபீஸ் என்று எல்லா இடத்துக்கும் கூடவே போனார். இக்கா மறுபடி கடை திறக்கும் வரை தார்ப்பாய்க் கட்டுகளுக்கு நடுவே பொம்மைகள் விற்றன.

"கயறு வாங்க வந்தவன் பொம்மையும் வாங்கிட்டுப் போறான், பொம்மைக்கு வந்தவன் கயறும் வாங்குதான். எனக்குத்தான் கச்சவடம், யாவாரம் எல்லாம் கூடிப்போச்சு" என்பார்.

அதன்பிறகு ஒருநாள் தீயணைப்பு நிலையத்துக்குப் போய், வண்டியின் அகலத்துக்குத் தன் கடைக் கயிற்றை அளந்து வெட்டிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை காலைகளில் ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையை நசீர் இக்கா. கயிறு தொய்யாமல் சந்து முழுக்க நடந்து முடிக்க வேண்டும். எங்கே தொய்கிறதோ அந்தக் கடைக்காரர் சரக்கை உள்ளே இழுக்க வேண்டும். அண்ணாச்சி சத்தம் போட மாட்டார். இழுத்து முடிக்கும் வரை அங்கேயே நிற்பார்.

ஆரம்பத்தில் எல்லோரும் இழுத்தார்கள். பிறகு சிலர் சிரித்தார்கள். ஒருவர் கயிற்றைக் காலால் தள்ளிவிட்டுப் போனதை நானே பார்த்தேன். அண்ணாச்சி குனிந்து எடுத்துக்கொண்டார்.

போன மாதம் சேம்பர் கூட்டத்தில் ஒரு மெம்பர் எழுந்தார். "இது திரக்கு சமயம் அண்ணாச்சி, கூட்டம் வர்ற நேரம். இந்தக் கயறு பிடிச்சு நடக்கதை இப்போ நிறுத்துவோம். ஓணம் கழியட்டும், பின்னே பாக்கலாம்."

"தீக்கு ஓணம் தெரியுமாடே?"

நிறுத்தலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். நசீர் இக்கா, நான், இன்னும் சிலர் தவிர மற்ற எல்லாக் கைகளும் உயர்ந்தன.

படி இறங்கும்போது அண்ணாச்சி என் பக்கம் வந்தார். "மோளே, கற்பூரம் கொஞ்சமா எறக்கு. பாக்கிய வீட்டுப் பக்கம் எங்கயாவது வை, கேட்டியா."

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதன்பிறகு வந்த சனிக்கிழமைகளில் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கண் மட்டும் மேலே, பின்னிக் கிடக்கும் வயர்களில். வியாபாரம் எல்லாம் மகன் பார்த்துக்கொண்டான்.

நாளை மதியம் வரை கடையடைப்பு. காலையில் உடலைச் சேம்பர் ஆபீஸ் வாசலில் வைப்பார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள். வண்டியை வெளியே மெயின் ரோட்டில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

மாலையில் கடையைப் பூட்டப் போனேன். அவர் கடைக்கு மேலே போகிற வயரில் ரப்பர் கருகும் வாசனை. கரண்ட் ஆபீஸுக்குப் போன் செய்தேன். "ஆளு வரும் சேச்சி" என்றார்கள். இதுவரை யாரும் வரவில்லை.

சேம்பர் வாட்ஸப் குரூப்பிலும் போட்டேன். அதற்குக் கீழே ஆதராஞ்சலிகள், ஆதராஞ்சலிகள் என்று அண்ணாச்சிக்கான இரங்கல்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன... என் மெசேஜ் எங்கோ மேலே போய்விட்டது.

நம் சந்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எனக்குப் போன் செய்யுங்கள்.

நசீர் இக்கா என் வீட்டுக்குக் கீழே ஆட்டோவில் காத்திருக்கிறார். அந்த வயரைப் பார்க்க நாங்கள் மறுபடியும் பஜாருக்குப் போகிறோம்.

போய் வாருங்கள் அண்ணாச்சி.