கர்வ் போட்ட எட்டுப் பக்கம்

வலங்கைமான் கடைத்தெருவில் கபீர் கிராபிக்ஸுக்கு வருகிறவர்கள் முதலாளியைத் தேடுவதில்லை. "வேம்பு இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். இருப்பார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், வாசலுக்கு முதுகைக் காட்டியபடி, அந்த ஒரே நாற்காலியில் எட்டு வருடமாக இருந்தார்.

நான் பி.ஏ. முடித்துவிட்டு, எழுதிய தேர்வுகளுக்கு முடிவு வரும்வரை என்று வீட்டில் சொல்லிவிட்டு, 2007இல் அங்கே தமிழ் டைப் அடிக்கச் சேர்ந்தேன். எனக்குப் பக்கத்து நாற்காலி. எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. வேம்பு அண்ணன் பத்தாவதோடு நின்றவர். அவருடைய அப்பா ஐயாவு அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை போன வருடங்களில் தம்பி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். அண்ணன் மட்டும் கம்ப்யூட்டரோடு ஊரில் தங்கிவிட்டார்.

கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பேனர், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாமே கோரல் என்ற டிசைன் சாஃப்ட்வேரில்தான் செய்வார். திருவிழா நோட்டீஸ்காரர்கள் வந்து, "போன வருஷத்ததையே போட்டுடுங்கண்ணே, தேதிய மட்டும் மாத்துங்க" என்பார்கள். அதற்காக ஒவ்வொரு வேலையின் திருத்தக்கூடிய ஃபைலையும் தன் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். பெயர்கள்தான் அவருக்கு மட்டும் புரியும். பங்குனியில் வரும் பாடைக்காவடித் திருவிழாவின் தண்ணீர்ப்பந்தல் நோட்டீஸுக்குப் பெயர் 'தூத்தல்'. முதன்முதலில் அதைக் கொண்டுவந்த அன்று தூறல் போட்டுக்கொண்டிருந்ததாம்.

கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. அச்சகத்துக்கு எந்த பி.டி.எஃப். போனாலும் முதலில் கர்வ் போட வேண்டும். அதாவது எழுத்தை எழுத்தாக விடாமல் வெறும் கோடாக மாற்றிவிட வேண்டும். பிறகு எந்த ஊர்க் கம்ப்யூட்டரில் திறந்தாலும் உருவம் மாறாது. ஆனால் அதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவும் முடியாது.

இந்தச் சட்டம் முதலாளி அஹமது கபீர் பாயின் மகள் கமருன்னிஸாவின் கல்யாணத்தில் பிறந்தது. பத்திரிகை பி.டி.எஃப்.பை சி.டி.யில் போட்டு அச்சகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் பழைய தமிழ் ஃபாண்ட் பி.டி.எஃப்.போடு ஒட்டிப் போகாது, அந்தக் கம்ப்யூட்டரிலும் அது இல்லை. மணமக்கள் பெயர், இடம், நேரம் எல்லாம் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கேள்விக்குறியுமாக அச்சாகி, சம்பந்தி வீட்டார் முன்னால் கட்டுப் பிரிந்தது. ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று பாய் போனில் கத்தியபோது, அச்சகத்துக்காரர் நிதானமாகச் சொன்னாராம்: "உங்க பாஷையா இருக்கும்னு நெனச்சோம் பாய்."

அன்றிலிருந்து வேம்பு அண்ணனின் விரல்கள் எந்த வேலை முடிந்தாலும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கர்வ் போட்டு, சேவ் கொடுத்துவிட்டுத்தான் நிற்கும்.

பங்குனி பிறந்ததும் ஷார்ஜாவிலிருந்து ஜாஃபர் சாதிக் பேசினார். முன்பு என் நாற்காலியில் இருந்தவர். அவர் வேலை செய்யும் அச்சகத்துக்கு ஒரு டிசைனர் தேவை. சூப்பர் மார்க்கெட் ஒன்றுக்கு எட்டுப் பக்க விலைப் புத்தகம், முழுக்க ஆங்கிலத்தில், மாதிரிக்குச் செய்து பி.டி.எஃப். அனுப்ப வேண்டும். பிடித்தால் விசா. முப்பத்தைந்து வயது முடிந்தவர்களை எடுக்க மாட்டார்கள். அண்ணனுக்கு வைகாசியில் முடிகிறது.

பாய் தடுக்கவில்லை. "போறதுன்னா போப்பா. ஆனா தூத்தல், இடி, மின்னல்லாம் எங்க இருக்குன்னு தம்பிக்குக் காட்டிட்டுப் போ. இல்லன்னா கடைக்குப் பூட்டுதான்."

"காட்டுறேன் பாய்" என்றார். திருவிழா வேலைகளில் அது தள்ளிப்போனது. நானும் நினைவுபடுத்தவில்லை. கற்றுக்கொண்டால் அந்த நாற்காலி எனக்கு வந்துவிடும் என்று பயந்தேனா, தெரியவில்லை.

நோட்டீஸ்களுக்கு நடுவே அந்த எட்டுப் பக்கத்தைச் செய்தார். வருகிறவர்கள் கேட்கும் ரோஜாப் பூவும் மயிலும் இல்லாமல் அவர் செய்ததை அப்போதுதான் பார்த்தேன். அரிசி, எண்ணெய், சோப்பு எல்லாம் வெள்ளைப் பரப்பில் மூச்சுவிடும் இடைவெளியோடு நின்றன.

"நல்லாருக்கா தம்பி?"

"இங்க செஞ்ச மாதிரியே இல்லண்ணே."

சிரித்தார். பிரவுசிங் சென்டருக்குப் போய் மெயில் அனுப்பிவிட்டு வந்தார்.

பாடைக்காவடிக்கு இரண்டு நாள் முன்னால், காலையிலேயே ஜாஃபர் அழைத்தார். அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டார்.

"மாப்ள, டிசைன் எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. ஆனா மேனேஜர் மூணாம் பக்கத்துல எண்ணெய் விலைய மாத்திப் பாக்குறாரு, மாற மாட்டேங்குது. எழுத்தே இல்ல, எல்லாம் கோடா கிடக்கு. கர்வ் போட்டியா?"

அண்ணன் திரையைப் பார்த்தார். "ஆமா."

"இங்கிலீஷுக்கு எதுக்குடா கர்வ்? ஃபாண்ட் பி.டி.எஃப். கூடவே வந்துடுமே."

"கை போட்டுடுச்சு."

"சரி, திருத்துற ஃபைல அனுப்பு. இங்க பிரிண்ட் ஓடுறவரைக்கும் விலை மாறும். அதத்தான் சோதிக்கிறாரு."

அந்த ஃபைல் இல்லை. ஊரில் எல்லாருடைய காதுகுத்துக்கும் திருத்துகிற ஃபைலைத் தனியாக எடுத்து வைத்தவர், தன்னுடையதை மட்டும் வைக்கவில்லை. கர்வ் போட்டு அதன் மேலேயே சேவ் கொடுத்திருந்தார். நான் கேட்டபோது சொன்னார்: "அடுத்த வருஷம் திரும்பி வர்ற வேலையா தம்பி அது?"

கோழிக்கோட்டுக்காரர் ஒருவரும் மாதிரி அனுப்பியிருக்கிறார், சாயங்காலம் வரை மேனேஜரை நிறுத்திவைக்கிறேன் என்றார் ஜாஃபர். அண்ணன் அந்தக் கோடுகளுக்கு மேல் ஒவ்வொரு வரியாகத் திரும்ப அடிக்கத் தொடங்கினார். நான் வாசித்துக் கொடுத்தேன். மதியத்துக்குள் நாலு பக்கம் எழுத்தாகிவிட்டது.

அப்போது முருகையன் வந்தார், தண்ணீர்ப்பந்தல் கமிட்டிக்காரர். "வேம்பு இருக்காரா?"

"நீ எழுந்திரிக்காத, நான் பாத்துக்கறேன்" என்று பாய் அவரை நிறுத்தினார். ஆனால் ஃபைல் இருப்பதோ அண்ணன் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரில்.

"நாளைக்கு விட்டா நோட்டீஸ் எதுக்கு பாய்? காவடி முடிஞ்சு வடை மடிக்கவா?" என்றார் முருகையன். அவர் பின்னால் இன்னும் மூன்று கமிட்டிகள் நின்றன.

பாய் என்னைப் பார்த்தார். "தம்பி, தூத்தல் எங்கன்னு தெரியுமா?"

"தெரியாது பாய்."

அண்ணன் எட்டுப் பக்கத்தைக் கீழே இறக்கிவிட்டுத் தூத்தலைத் திறந்தார். தேதியை மாற்றி, உபயதாரர் பெயரில் ஒருவரை நீக்கி இன்னொருவரைச் சேர்த்தார். இறந்துபோனவர் பெயருக்கு முன்னால் 'அமரர்' போட்டார். கர்வ் போட்டு பி.டி.எஃப். எடுத்தார். "அப்படியே எங்களதும்ணே" என்றார் அடுத்தவர். பிறகு கரண்ட் போனது. வந்தபோது கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. போன் மேஜையில் பலமுறை நடுங்கி அடங்கியது. கடைசியில் எடுத்தார்.

"அந்தக் கோழிக்கோட்டுப் பையன எடுத்துட்டாங்க மாப்ள. அடுத்த தடவை பாப்போம்."

"வைகாசி வந்துடுமே ஜாஃபர்."

அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அடுத்தது யாருது?" என்றார்.

வைகாசி வந்து போனது. அண்ணனிடம் ஒரு மாற்றமும் தெரியவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் தேர்வு முடிவுகளில் ஒன்று வந்தது, பெயர் இல்லை. ஆடித் தள்ளுபடிக்கு எங்கள் தெரு ஜவுளிக்கடைக்காரர் நோட்டீஸ் கேட்டபோது, அண்ணன் அன்று திரும்ப அடித்த அந்த நாலு பக்கத்தைத் திறந்து, எண்ணெய் இருந்த இடத்தில் நைட்டியை வைத்தார். மறுநாள் கடைக்காரர் வந்து, நைட்டி விலையைக் குறைக்க வேண்டும், முடியுமா என்று தயங்கினார்.

அண்ணன் எண்ணைத் தட்டினார். விலை மாறியது. "ஆச்சு" என்றார். கர்வ் போடுவதற்கு முன்னால் திருத்துகிற ஃபைலைத் தனியாகச் சேமித்தார். பெயர் கேட்ட இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு 'ஷார்ஜா' என்று அடித்தார்.

"தம்பி, கிட்ட வாங்க. எது எங்க இருக்குன்னு காட்டுறேன்."

"இப்ப எதுக்குண்ணே?" என்றேன். நாற்காலியை நகர்த்தவில்லை.

அதற்குள் வாசலில் யாரோ செருப்பை விட்டார்கள். "வேம்பு இருக்காரா?"

"இருக்கேன், வாங்க" என்றார், திரும்பாமல்.