வாங்கிய மெசின்

நான் இலேசில் எதையும் வாங்குகிற ஆள் இல்லை. கிளிநொச்சியில் என் வயதுக்காரர் பலர் இப்படித்தான். நாங்கள் பள்ளிக்கூடம் போன போர்க்காலத்தில், பொருள்தடையால் பெற்றோலும் இல்லை, பற்றரியும் இல்லை. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். கடையில் இல்லாததைச் செய்து காட்டுபவனுக்குத்தான் ஊரில் மதிப்பு. இன்றைக்குக் கடையில் எல்லாமே கிடைக்கிறது. ஆனாலும் ஒரு சாமானைக் கையில் எடுத்தால், இதை நானே செய்யலாமே என்றுதான் முதலில் தோன்றும். அந்தத் திமிர் இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

என் மனைவி முன்பள்ளி ஆசிரியை. கடைகளில் ஆங்கில எழுத்துகள் பிளாஸ்டிக்கில் விதவிதமாகக் கிடைக்கும். தமிழ் எழுத்து என்றால் அட்டைதான். பிள்ளைகளின் கையில் அது எத்தனை நாள் தாங்கும்? விரலால் தடவிப் பார்க்கும்படி மரத்தில் எழுத்து வெட்டித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார். மூளையுள்ளவன் மரம் அறுக்கும் வாள் ஒன்றை எடுத்து அன்றைக்கே தொடங்கியிருப்பான். நான் மெசின் செய்யத் தொடங்கினேன்.

சி.என்.சி. ரூட்டர் என்பார்கள். கணினியில் எழுத்தை வரைந்து கொடுத்தால், சுழலும் சின்ன அலகு ஒன்று அந்தக் கோட்டிலேயே ஓடிப் பலகையை வெட்டும். பழைய பிரிண்டர்களைக் கழற்றி மோட்டார் எடுத்தேன். இரும்புச் சட்டத்தை நானே வெல்டிங் செய்து ஒட்டினேன். பின்வளவுக் கொட்டிலுக்குள் அது மெல்ல மெல்ல வளர்ந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். ஒரே ஒரு குறை. வட்டம் வெட்டச் சொன்னால் முட்டை வெட்டியது. தமிழில் வளையாத எழுத்து எத்தனை இருக்கிறது? 'ட'வும் 'ப'வும் மட்டும் அழகாக வந்தன. 'அ' வயிறு வீங்கிப்போய்க் கிடந்தது.

இதற்குள் முன்பள்ளியில் சரஸ்வதிக்கு எடுக்கும் வாணி விழா ஒன்று வந்து போய்விட்டது. அடுத்ததும் நெருங்கியபோது மனைவி கொட்டிலுக்குள் வந்து, கிடந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, நான் மெசின் கேக்கேல்லை. எழுத்துத்தான் கேட்டனான்."

"கொஞ்சம் பொறும். இன்னும் ரெண்டு மூண்டு திருத்தந்தான்."

"போன வருசப் பிள்ளையள் ஒண்டாம் வகுப்புக்குப் போயிட்டுதுகள். இந்த முறைப் பிள்ளையளும் உங்கட திருத்தத்தைப் பாத்துக்கொண்டே போகப்போகுதுகள்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது.

ஓமந்தையில் ஒரு பெண், தான் பாவித்த இதே வகை மெசின் ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, அதில் ஒரு பிழையாவது கண்டுபிடித்துவிட்டுத் திரும்பலாம் என்ற எண்ணத்தோடு போனேன். மரத்தில் பரிசுப் பொருட்கள் செய்து விற்பவர் அவர். வேலை கூடிவிட்டதால் பெரிய மெசின் எடுத்திருந்தார். நான் குனிந்து நிமிர்ந்து பார்ப்பதைக் கண்டு சிரித்துவிட்டார்.

"குறை பாக்கத்தானே வந்தனீங்கள் அண்ணை? நானே சொல்லுறன். மேல கீழ போற இடத்தில கொஞ்சம் ஆட்டம் இருக்கு. இந்த ஆணியை இறுக்கிவிட்டா நிக்கும்."

"இது நீங்களே செய்ததோ தங்கச்சி?"

"ஐயோ இல்லை, வாங்கினது. மெசினைச் செய்துகொண்டிருந்தா நான் எப்ப வேலை செய்யிறது?"

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஒரு வட்டம் வெட்டிக் காட்டச் சொன்னேன். அளந்து பார்க்க அடிமட்டத்தை நெடுக்கே வைத்தேன், குறுக்கே வைத்தேன், சரிவாகவும் வைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கமும் ஒரே அளவு. எரிச்சலாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. ஆசைதான் வென்றது.

லொறியில் ஏற்றி, மேலே படங்கு போட்டு இழுத்துக் கட்டினேன். மழைக்குணமே இல்லாத நாளில் எதற்குப் படங்கு என்று லொறிக்காரர் கேட்டார். ஊர்ச்சனம் பார்த்துவிடும் என்று அவரிடம் சொல்ல முடியுமா? வீட்டுக்கு வந்ததும் நான் செய்த மெசினின் மேற்பாகத்தைக் கழற்றிவிட்டு, வாங்கியதை அந்தச் சட்டத்தின் மேலேயே ஏற்றி வைத்தேன். பாரம் நன்றாகத் தாங்கியது. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

சோதனைக்கு வெட்டிய 'அ', 'ஆ', 'இ' ஒரு பிசகும் இல்லாமல் வந்தன. 'ஐ' கூட வந்தது. மெய்யெழுத்துக்குப் போனபோதுதான் நான் மாட்டிக்கொண்டேன். 'க்' வெட்டினேன், 'க' வந்தது. 'ங்' வெட்டினேன், 'ங' வந்தது. மெசினைத் திட்டினேன், கணினியைத் திட்டினேன், ஓமந்தைக்கும் ஒரு திட்டு அனுப்பினேன். பிறகுதான் விளங்கியது. எழுதும்போது புள்ளியைத் தாள் தாங்கிக்கொள்கிறது. பலகையில் எழுத்தைச் சுற்றி வெட்டி எடுத்தால், புள்ளியைத் தாங்க எதுவும் மிச்சமில்லை. அது தனியே கழன்று தூசியோடு போய்விடுகிறது. சின்ன வயதிலிருந்து எழுதும் எழுத்து, இது எனக்குத் தோன்றவில்லையே!

எழுத்தையும் புள்ளியையும் மெல்லிய தண்டு ஒன்றால் இணைத்து வெட்டினேன். மனைவி பார்த்த உடனே முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா இது, ககரத்துக்குக் கொம்பு முளைச்சிருக்கு? பிள்ளையள் இதைப் பாத்துக் கொப்பியிலயும் கொம்பு வைக்கப்போகுதுகள்."

வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, மெசினில் மரத்தூள் சேரும் பையைக் கொட்டிக் கிளறினேன். கழன்ற புள்ளிகள் கிடந்தன. ஒன்றை எடுத்து 'க'வின் தலையில் வைத்தேன், 'க்'. எடுத்தேன், 'க'. மறுபடியும் வைத்தேன். கழன்று போவதுதானே, கழன்றே இருக்கட்டுமே!

ஒவ்வொரு எழுத்தையும் ஒரு சின்னப் பலகையில் ஒட்டி, தலைக்கு மேலே வட்டமாக ஒரு குழி எடுத்தேன். அதற்குள் அளவாகப் போய் உட்காரும்படி புள்ளிகளைத் தனியாக வெட்டிச் சிவப்படித்தேன். வட்டக் குழிக்குள் வட்டப் புள்ளி, எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்தியது. நான் செய்த மெசின் ஏழு பிறப்பு எடுத்தாலும் இதைச் செய்திருக்காது. "புள்ளியைப் பெரிசா வெட்டுங்கோ, இல்லாட்டிப் பிள்ளையள் வாயில போடப்போகுதுகள்" என்று மனைவி சொன்னதால், சோடாப் போத்தல் மூடியைவிட நல்ல பெரிதாக வெட்டினேன்.

வாணி விழா அன்று பூசை முடிந்து, அவலும் கடலையும் கொடுத்த பிறகு, பாயில் எழுத்துகளைப் பரப்பினார்கள். நான் வாசலோடு நின்றேன். இரட்டைப் பின்னல் போட்ட சின்னப் பிள்ளை ஒன்று 'ம'வை எடுத்தது. "ம" என்றது. சிவப்புப் புள்ளியைக் குழிக்குள் அமர்த்தி "ம்" என்றது. புள்ளியைக் கழற்றியது, "ம". போட்டது, "ம்". திடீரென்று எழும்பி நின்று கத்தியது.

"ரீச்சர், புள்ளி வைச்சா வாய் மூடுது!"

மற்றப் பிள்ளைகளும் பாய்ந்து 'ம'வுக்குச் சண்டை பிடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் முன்பள்ளி முழுக்க ம, ம், ம, ம் என்று ஒரே இரைச்சல். மனைவி திரும்பி என்னைப் பார்த்தார். சிரித்தார். கல்யாண நாளில்கூட எனக்கு அப்படி நெஞ்சு நிமிரவில்லை. கண் கலங்கியதையும் நான் மறைக்கவில்லை.

ஒரு பிள்ளையின் தகப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லா வந்திருக்கு அண்ணை. மெசினும் நீங்களே செய்ததாமே?"

"இல்லைத் தம்பி. மெசின் வாங்கினது. புள்ளிதான் நான் செய்தது."